ஜன்னலில் டம்ளர் வரிசை: புதுத்துணியை முதல்முறை துவைத்த கதை

இன்று காலை அரக்கு நிறக் குர்தாவின் நான்காவது அலசல் தண்ணீர் தெளிந்தது. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு அலசலிலும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை மொண்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தேன். முதல் டம்ளர் செங்கல்லைக் கரைத்த மாதிரி. இரண்டாவது வெளிறிய ரோஜா. மூன்றாவதில் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்த்தால்தான் நிறம் தெரிந்தது. நான்காவதில் தாள் தாளாகவே தெரிந்தது. இந்த ஒரு டம்ளருக்கு மூன்று மாதமும், ஒரு வெள்ளைச் சட்டையும், கணுக்காலுக்கு மேல் ஏறிப்போன ஒரு பேண்ட்டும் செலவு.

ஆரம்பம் இப்படி. ஒரே நாளில் ஆறு துணி வாங்கினேன்: அரக்கு நிறப் பருத்திக் குர்தா, ‘கசங்காது’ என்று சீட்டு ஒட்டிய வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற டீ-ஷர்ட், கருநீல ஜீன்ஸ், கறுப்பு பாலியஸ்டர் டீ-ஷர்ட், ஒரு பெரிய குளியல் துண்டு. அதற்குமுன் புதுத்துணியை அப்படியே போட்டுக்கொள்கிற ஆள் நான். கடை மடிப்புக் கலையாமல் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய சட்டை கழுத்தைச் சுற்றி இரண்டு நாள் அரிப்பைக் கொடுத்திருந்ததால் இந்த முறை துவைத்துவிட்டே போடுவது என்று முடிவு செய்தேன்.

ஆறையும் ஒரே பெரிய வாளியில் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, “உப்பு போட்டியாடா? ஒரு பிடி போடு, சாயம் நிக்கும்” என்றார். இரண்டு பிடி போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஊறவைத்தது, காலை ஏழு மணிக்கு எடுத்தேன். 9 மணி நேரம்.

வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. முழுக்க ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகியிருந்தால்கூட ‘இப்படித்தான் வாங்கினேன்’ என்று சமாளித்திருக்கலாம். குர்தாவோடு ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக, மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாக. சாம்பல் டீ-ஷர்ட்டின் வயிற்றில் ஒரு பெரிய ஊதா மேகம். ஜீன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த நிறத்தில் தெரியாது.

சட்டையைக் காப்பாற்றும் முயற்சியில் அடுத்த தப்பைச் செய்தேன். வீட்டில் இருந்த குளோரின் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து காலரிலும் தோளிலும் தேய்த்தேன். சிவப்பு கொஞ்சம் போனது. அந்த இடத்தில் மஞ்சள் வந்து உட்கார்ந்தது. கசங்காமல் இருக்கத் துணிக்கு ஏற்றுகிற பிசின்களில் சில குளோரினைப் பிடித்துவைத்து மஞ்சளடிக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். சட்டையின் சீட்டிலேயே முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தது. அதன் அர்த்தம் பிளீச் கூடாது என்பது. நான் அதை அதுவரை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

டீ-ஷர்ட்டை மட்டும் நிதானமாகக் கையாண்டேன். இன்னும் ஈரமாகவே இருந்தது நல்லதாகப் போயிற்று. காய்ந்து, மேலே இஸ்திரியும் போட்டுவிட்டால் கறை எடுப்பது கஷ்டம். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரி. அதில் ஆக்சிஜன் பிளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட், 20 கிராம். 6 மணி நேரம் முழுக்க மூழ்கவைத்து, இடையில் இரண்டு முறை புரட்டினேன். ஊதா மேகம் பாதியாகியிருந்தது. மறுநாள் புதுத்தண்ணீர், புதுத்தூள், இன்னொரு 6 மணி நேரம். தேடினால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தது. துணியின் சாம்பலும் ஒரு சாயல் வெளுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தூளைப் பட்டிலும் கம்பளியிலும் போடக்கூடாது. குளோரின் பிளீச்சோடு இதையோ வினிகரையோ ஒருபோதும் கலக்கக்கூடாது. வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆபத்து.

குர்தாவை ஒரு முறை சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, சாயம் போய் முடிந்தது என்று நம்பிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் கழட்டும்போது உள்பனியனின் அக்குள் இரண்டும் சிவப்பு. இரண்டு பிடி உப்பு, 9 மணி நேரம், அப்புறமும் இது. அங்கேதான் உப்பின்மேல் சந்தேகம் வந்தது.

குர்தாவின் பக்கவாட்டுத் தையலுக்குள் தையல்காரர் தாராளமாகத் துணி விட்டிருந்தார். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டினேன். மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் 250 மில்லி தண்ணீர். முதலாவது வெறும் தண்ணீர். இரண்டாவதில் ஒரு மேசைக்கரண்டி உப்பு. மூன்றாவதில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு குர்தாத் துண்டு, கூடவே பழைய வெள்ளைப் பனியனிலிருந்து வெட்டிய ஒரு பட்டை. ஒரு மணி நேரம் விட்டேன்.

உப்பு டம்ளரின் தண்ணீர் மற்ற இரண்டையும்விடத் தெளிவாக இருந்தது. ஒரு கணம் ‘அம்மா சொன்னது சரிதான்’ என்று தோன்றியது. பிறகு வெள்ளைப் பட்டைகளை வெளியே எடுத்தேன். உப்பு டம்ளரில் இருந்த பட்டைதான் மூன்றிலும் அதிகச் சிவப்பு. அதே குர்தாத் துண்டை அலசி வெறும் தண்ணீரில் போட்டதும் மறுபடி சாயத்தைக் கொட்டியது. வினிகருக்கும் வெறும் தண்ணீருக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.

சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு. ஆனால் அது வேறு வேலை. தொட்டித் தண்ணீரில் மிதக்கிற சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவது உப்பு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தை இழையோடு பிணைப்பது அதற்குப்பின் சேர்க்கிற சலவைச்சோடா மாதிரியான காரம். பிணையாமல் எஞ்சிய சாயத்தைப் பட்டறைக்காரர்கள் கொதிநிலைக்குப் பக்கமான சூட்டில் சோப்புப் போட்டு அலசி எடுத்துவிட வேண்டும். அந்த அலசலைக் குறைத்துவிட்டால் மிச்சம் நம் வாளிக்கு வரும். அங்கே நாம் உப்பைப் போட்டால், எஞ்சிய சாயம் தண்ணீருக்குள் வரத் தயங்கும். வந்த கொஞ்சத்தையும் உப்பு பக்கத்தில் கிடக்கிற துணிமேல் தள்ளும். தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் சாயம் நின்றுவிட்டது என்று நாம் நம்புகிறோம். என் வெள்ளைச் சட்டைக்குச் சாயம் போட்டதே அந்த இரண்டு பிடிதான். வினிகர் கம்பளி, பட்டு, நைலானுக்கான அமிலச் சாயத்தோடு சம்பந்தப்பட்டது; பருத்திக் குர்தாவில் அதற்கு வேலை இல்லை.

அம்மாவிடம் மூன்று பட்டைகளையும் காட்டினேன். “அந்தக் காலத்துச் சாயம் வேற” என்றார். இருக்கலாம்.

இனி எந்தப் புதுத்துணியையும் தண்ணீரில் முக்குவதற்குமுன் சோதித்துவிடுவது என்று ஒரு சின்னப் பெட்டி தயார் செய்தேன். 10 செ.மீ. சதுரமாக வெட்டிய வெள்ளைப் பனியன் துணிகள், 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், தையல் ஊசி, பளிச்சென்ற நிறத்தில் நூல், சமையலறைத் தராசு, தண்ணீர்ச் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர், சொட்டு மருந்துக் குழாய், காயத்துக்குப் போடுகிற பொவிடோன் அயோடின், ஒரு நோட்டு.

முதல் சோதனை, தேய்ப்பது. துணியின் உள்பக்கத் தையல் ஓரத்தில் உலர்ந்த வெள்ளைச் சதுரத்தை விரலில் சுற்றி 10 முறை தேய்ப்பேன். அடுத்து நனைத்துப் பிழிந்த சதுரத்தால் 10 முறை. குர்தா உலர்ந்த தேய்ப்பில் ஒன்றும் விடவில்லை, ஈரத்தில் சிவந்தது. ஜீன்ஸ் உலர்ந்த தேய்ப்பிலேயே நீலமாக விட்டது. இரண்டும் வேறுவேறு வியாதி. குர்தாவில் இழையோடு பிணையாத சாயம் உள்ளே இருக்கிறது; அலசினால் தீரும். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோ நூலின் மேல்தோலில் உட்கார்ந்திருப்பது. அது உரசலில் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். கலர் பட்டையோ மாறுபட்ட காலரோ உள்ள துணியில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும். இதை விட்டதால் சிவப்புப் பட்டை வைத்த ஒரு டீ-ஷர்ட் தன்னைத்தானே கறையாக்கிக்கொண்டது.

இரண்டாவது சோதனை ஒரு சொட்டுத் தண்ணீர். புதுத் துண்டின்மேல் சொட்டு விட்டேன். முத்து மாதிரி உருண்டு நின்றது. உள்ளே இறங்க 40 விநாடி. துவட்டுவதற்கு வாங்கிய சாமான் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறது. கடையில் கையில் வழுக்குகிற அந்த மென்மைக்காகப் பெரும்பாலும் சிலிக்கோன் பூச்சு போடுகிறார்கள். இது தெரியாமல் முதல் துவைப்பிலேயே துணி மென்மையாக்கியை ஊற்றி, அடுத்த சோதனையில் சொட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டி நிற்கிற அளவுக்குக் கெடுத்தேன். மென்மையாக்கியும் இழைமேல் இன்னொரு பூச்சுதானே. அதன்பின் 60 டிகிரித் தண்ணீரில் வெறும் சோப்புத்தூளோடு மூன்று துவைப்பு. தும்பு இரண்டு கைப்பிடி வந்தது. இப்போது 3 விநாடியில் குடிக்கிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. மொடமொடவென்று ஒரு படுக்கை விரிப்பு வாங்கியிருந்தேன். அதன் மொடமொடப்பு துணியினுடையதா, கஞ்சியினுடையதா? பொவிடோன் அயோடினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஓர மடிப்பின் உள்ளே ஒரு சொட்டு வைத்தேன். பழுப்புச் சொட்டு தொட்ட மாத்திரத்தில் கருநீலமானது. கஞ்சி. இன்னொரு முரட்டுப் பேண்ட்டில் அதே சொட்டு பழுப்பாகவே நின்றது. அந்த விறைப்பு மாவுக்கஞ்சி இல்லை, வேறு பூச்சு. விரிப்பில் ஆர்வக் கோளாறால் நடுவிலும் ஒரு சொட்டு வைத்துவிட்டேன். அலசியும் போகவில்லை. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கரைத்துத் தடவியதும் சில விநாடியில் கறை மறைந்தது. பத்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதைச் செய்துகாட்டினால் அன்றைக்கு முழுக்க அயோடின் பாட்டிலை ஒளித்துவைக்க வேண்டிவரும்.

கஞ்சிக்கு மருந்து சூடும் என்சைமும். சோப்புத்தூள் அட்டையில் அமைலேஸ் என்று இருந்தால் அது மாவுச்சத்தை அறுக்கும். 40 டிகிரியில் அரை மணி ஊறல், ஒரு துவைப்பு. மறுபடி அயோடின் வைத்தபோது இளநீலம். இரண்டாவது துவைப்புக்குப்பின் பழுப்பு மட்டும். தராசில் விரிப்பு உலர்ந்த நிலையில் 38 கிராம் குறைந்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய கஞ்சி அவ்வளவு என்று எழுதிவைத்தேன். தும்பும் கொஞ்சம் சேர்த்திதான்.

சுருங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பேண்ட் கதை இங்கேதான். பருத்திப் பேண்ட் ஒன்றை வாங்கிய அன்றே தையல்காரரிடம் கொடுத்து, உள்கால் நீளம் 74 செ.மீ. இருக்கும்படி மடித்துத் தைத்து, அதிகத் துணியை வெட்டியும் வாங்கிவிட்டேன். பிறகு துவைத்தேன். காய்ந்ததும் 71.5. வெட்டிய துணியை ஒட்டவா முடியும்? வீட்டில் போடுகிற பேண்ட்டாக அது பதவி இறங்கியது.

அதன்பிறகு ஒவ்வொரு புதுத்துணியிலும் நூலால் அடையாளம் வைக்கிறேன்: நீளவாக்கில் 40 செ.மீ., அகலவாக்கில் 40 செ.மீ. பேனாவில் முதலில் குறித்தேன், துவைப்பில் அழிந்துவிட்டது. நூலே நல்லது. ஈரமாக இருக்கும்போது அளந்ததும் ஒரு தப்பு. கையால் இழுத்த மாதிரியெல்லாம் அளவு வந்தது. மேசைமேல் பரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு, இழுக்காமல் அளக்க வேண்டும். பின்னலாடையான ஒரு பருத்தி டீ-ஷர்ட்டில் நீளம் 40 என்பது 37.9 ஆனது, அகலம் 39.6. ஜீன்ஸ் 39.5. பாலியஸ்டர் அசையவில்லை. பின்னல் கண்ணிகள் ஆலையில் இழுபட்டே உருளையில் சுற்றப்பட்டவை. முதல் தண்ணீரில் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. துணியை ஆலையிலேயே அமுக்கிச் சுருக்கிவைக்கும் முறை ஒன்று உண்டு, 1930-இல் சான்ஃபோர்ட் கிளூயட் காப்புரிமை பெற்றது. சான்ஃபரைஸ்டு என்ற சீட்டு அவர் பெயரிலிருந்து வந்தது. அந்தச் சீட்டு இல்லாத பருத்தி பேண்ட்டை இனி துவைக்காமல் தையல்காரரிடம் கொடுப்பதில்லை.

அரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தானே தொடங்கியது. கசங்காத சட்டைக்கு ஏற்றும் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற, தோலை உறுத்தக்கூடிய வேதிப்பொருள் இருக்கும். பிடிபடாமல் நிற்கிற ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைவது, ஆகவே முதல் துவைப்பிலேயே கணிசமாகப் போய்விடும். பிசின் போகாது, அது இருப்பதால்தான் சட்டை கசங்காமல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 நவம்பரிலிருந்து உடம்பில் படுகிற உடைகளுக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஜப்பான் குழந்தைத் துணிக்கு இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறது. அடுத்து வாங்கிய கசங்காத சட்டையை இரண்டு முறை துவைத்துப் போட்டேன், கழுத்து சும்மா இருந்தது. ஆனால் கறுப்பு பாலியஸ்டர் டீ-ஷர்ட் மூன்று துவைப்புக்குப் பிறகும் அக்குளில் தடிப்பைக் கொடுத்தது. பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயங்களில் நீலம் 106, நீலம் 124 என்ற இரண்டும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. அடர்நிறத் துணிகளில் வரும் வகை. வியர்வையில் ஊறி வருகிற சாயத்தோடு வாளியில் மல்லுக்கட்டிப் பயனில்லை. அதை ஜன்னல் துடைக்க எடுத்துக்கொண்டேன். தடிப்பு அடிக்கடி வருகிறவர்கள் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை, அதாவது சந்தேகப்படுகிற பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்துகொள்வதே வழி.

இனி இன்று காலை செய்தது. முதல் குர்தாவை ஏற்கெனவே 60 டிகிரியில் ஒரு முறை முயன்று பார்த்திருந்தேன். சாயம் வேகமாக வெளியே வந்தது உண்மை, இரண்டே அலசலில் தண்ணீர் தெளிந்தது. கூடவே 100 செ.மீ. நீளத்தில் 3 செ.மீ. போனது. அதனால் அதே துணியில் வாங்கிய இரண்டாவது குர்தாவுக்கு 40 டிகிரி. எடை 310 கிராம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பொத்தானைப் போட்டு, 5 லிட்டர் வெறும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அசைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். அடுத்த 5 லிட்டரில் ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு, 10 நிமிடம், கையை எடுக்காமல் அசைத்தபடி. ஊறவைப்பதே இல்லை, அசையாத தண்ணீரில் கழன்ற சாயம் மடிப்பிலேயே மறுபடி படிகிறது, சிவப்புப் பட்டை டீ-ஷர்ட் அதைக் கற்றுக்கொடுத்தது. பிறகு 5 லிட்டர் வீதம் நான்கு அலசல். மொத்தம் 30 லிட்டர், 50 நிமிடம். பிழிந்தபின் ஈர வெள்ளைச் சதுரத்தால் 10 தேய்ப்பு. சுத்தம். உதறி நிழலில் போட்டேன். காய்ந்ததும் 100 என்பது 98.8.

30 லிட்டர் ஒரு குர்தாவுக்கு அதிகம்தான். மூன்றாம், நான்காம் அலசல் தண்ணீரை அடுத்த முறை கால்மிதியடிக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தண்ணீரை மட்டும் குளியலறைத் தரையில் கொட்டக்கூடாது. டைல்ஸ் இடுக்கில் இருந்த வெள்ளைச் சிமெண்டு இன்னும் ரோஜா நிறத்தில் இருக்கிறது. சாயம் பிடிக்கும் தாள் ஒன்றையும் இடையில் போட்டுப் பார்த்தேன். தாள் நன்றாகச் சிவந்தது, கூடப் போட்ட வெள்ளைச் சதுரமும் லேசாகச் சிவந்தது. பழைய துணிகளைக் கலந்து போடும்போது காவலுக்கு வைக்கலாம், முதல் துவைப்புக்கு அதை நம்பமாட்டேன். அடுத்த முறை செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று பாக்கி: நூல் அடையாளத்தை 40-க்குப் பதில் 50 செ.மீ. வைத்தால் கணக்குப் போடச் சுலபம்.

ஜீன்ஸை மட்டும் ஜெயிக்கவில்லை. தனியாக, திருப்பிப் போட்டு, ஏழு அலசல் பார்த்தாயிற்று, ஏழாவது டம்ளரும் நீலம். இப்போது குர்தாவின் டம்ளர்களுக்குப் பக்கத்தில் அதுவும் ஜன்னலில் இருக்கிறது. குர்தாவின் முதல் டம்ளர் காலையில் இருந்த மாதிரியே கலங்கலாகச் சிவப்பாக நிற்கிறது. ஜீன்ஸ் டம்ளரில் மேல்பாதி தெளியத் தொடங்கி, அடியில் ஒரு மயிரிழை கனத்துக்கு நீலப் பொடி படிந்திருக்கிறது. இண்டிகோ தண்ணீரில் கரைகிற சாதியே இல்லை. அம்மா கடந்து போகும்போது பார்த்துவிட்டு, “டம்ளரை எல்லாம் எப்ப எடுப்ப?” என்றார்.